சோஹோ மெயிலும் தென்காசிப் பாசமும்

2025 அக்டோபர் 8-ஆம் தேதி உள்துறை அமைச்சர் அமித் ஷா தன்னோட மின்னஞ்சலை சோஹோ மெயிலுக்கு மாத்திட்டதா அறிவிச்சாலும் அறிவிச்சார், இங்க புனேல நாலு தமிழ்க் குடும்பம் ஒண்ணா உக்காந்தா இதே பேச்சுதான். "நீங்க மாறிட்டீங்களா?" ஏதோ கட்சி மாறுற மாதிரி ஒரு கேள்வி. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தன்னோட ஆவண வேலைக்கெல்லாம் சோஹோவுக்குப் போறதா சொல்லியிருந்தார். அரட்டை செயலியை ஊரே இறக்கிக்கிட்டு இருந்துச்சு. மத்திய அரசு ஊழியர்களோட சுமார் 12 லட்சம் மின்னஞ்சல் கணக்கு சோஹோ தளத்துக்குப் போயாச்சுன்னு செய்தி வந்ததும் கேக்கணுமா... நம்மாளுங்க நெஞ்சு நிமிந்திடுச்சு.

நானும் ஒரு கணக்கு திறந்து ஆறு வாரம் பொழங்கிப் பாத்தேன். என் கருத்தை மொதல்லயே சொல்லிடறேன். பொட்டி நல்ல பொட்டி. ஆனா அதுக்கு மாறச் சொல்லி ஆளாளுக்குச் சொல்ற காரணம் இருக்கே, அது செல்லாது. செல்லுற காரணம் வேற ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி யாரும் வாய் திறக்கக் காணோம். அந்த நல்ல காரணம் இருந்தாலுமே அவசரப்பட்டு மாத்தக் கூடாத ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஊர்ல இருக்கிற நம்ம அப்பாவும் அம்மாவும்.

மொதல்ல இந்த 'புதுசு' விஷயம். சோஹோ மெயில் ஒண்ணும் நேத்து முளைச்சதில்ல. 2008-லயே வந்தாச்சு. கம்பெனி அதுக்கும் முந்தி, 1996-ல அட்வென்ட்நெட்ங்கிற பேர்ல ஆரம்பிச்சது, 2009-ல சோஹோ கார்ப்பரேஷன்னு பேர் மாறிச்சு. இத்தனை வருஷமா கம்பெனிகளுக்குத்தான் அதிகம் வித்தாங்க, அதனால வீட்டுல இருக்கிற நமக்குக் கண்ணுல படல. நமக்குத்தான் இது புதுசு.

எனக்குச் சொந்த ஊர் சுரண்டை பக்கம். தென்காசி பக்கத்துல மத்தளம்பாறைன்னு ஒரு ஊர். சின்ன வயசுல அங்க என்ன இருந்துச்சுன்னு கேட்டா காத்தும் மலையும்னுதான் சொல்லுவேன். இப்ப அங்க சோஹோ ஆபீஸ் இருக்கு. 2011-லயே தென்காசிக்கு வந்துட்டாங்க. சுத்துப்பட்டு ஊர்ப் பிள்ளைங்க காலேஜ் போகாமலே பள்ளிக்கூடம் முடிச்சதும் அவங்க நடத்துற பயிற்சியில சேந்து வேலைக்குப் போறாங்க. என் காலத்துல அப்படி ஒரு ஆபீஸ் இருந்திருந்தா நான் எதுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி இங்க வந்து ஹிஞ்சேவாடி டிராஃபிக்ல உக்காந்துக்கிட்டு இருக்கப் போறேன்? அந்தப் பெருமை எனக்கும் நெறையவே இருக்கு. அது நெஜமான பெருமை, வாட்சப்புல சுத்துற பெருமை இல்ல.

ஆனா அது வேலை குடுக்கிறவனைப் பத்தின பெருமை. என் பேங்க் ஓடிபி எந்தப் பொட்டிக்கு வரணும்னு முடிவு பண்றதுக்கு அது போதுமா? என் மச்சான் போதும்ங்கிறார். "தென்காசிக்காரனா இருந்துக்கிட்டு நீங்களே யோசிச்சா எப்படி?" அவர் மதுரைக்காரர், அவருக்கு இருக்கிற வேகம் எனக்கு இல்லன்னு ரொம்ப வருத்தம் :-)

சரி, பொட்டிக்கு வருவோம்.

திறந்ததும் மொதல்ல படுறது அமைதி. பக்கத்துல, மேல, மடலுக்கு நடுவுல, எங்கயும் விளம்பரம் கிடையாது. ஜிமெயில்ல 'புரமோஷன்ஸ்' பக்கம் போனா மடல் மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு ரெண்டு விளம்பரம் உக்காந்திருக்குமே, அது இங்க இல்ல. இலவசக் கணக்குலயும் விளம்பரம் போட மாட்டோம்ங்கிறதைக் கம்பெனி ஆரம்பத்துல இருந்தே சொல்லிக்கிட்டு வருது.

அடுத்தது தாவல்கள். ஒரு மடலைத் திறந்தா அது உள்ளேயே தனித் தாவலா நிக்குது. ஒரு மடலைப் பாத்துக்கிட்டே இன்னொண்ணுக்குப் பதில் எழுதலாம். ஆபீஸ்ல வேற நிறுவனத்தோட கனமான மென்பொருளோட மாரடிக்கிற என் மாதிரி பொட்டி தட்டுற ஆளுக்கு இது பழகுன விஷயம், பிடிச்சுப் போச்சு. தங்கமணிக்குப் பிடிக்கல. "ஒரு மெயில் பாக்கறதுக்கு எதுக்கு இத்தனை கதவு?"ன்னு கேட்டா. ஓரத்துல நாள்காட்டி, வேலைப் பட்டியல், குறிப்பு, தொடர்புகள்னு வரிசையா நிக்கிறதும் அவளுக்கு ஆபீஸ் மேசை மாதிரி இருக்காம். அவ சொல்றது நியாயம்தான். கம்பெனிக்குத் தைச்ச சட்டையை வீட்டுக்குப் போட்டுக்கிற மாதிரி ஒரு உணர்வு எனக்குமே வந்துச்சு.

கோப்புறைகள் உண்டு, அதுக்கு மேல ஒட்டுறதுக்குச் சீட்டும் உண்டு. 'எல்.ஐ.சி.', 'பிள்ளைங்க ஸ்கூல்', 'சொசைட்டி'ன்னு தனித்தனியாப் போட்டு வெக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு வசதி. எல்லாத்தையும் ஒரே குவியலாப் போட்டுட்டு வேணுங்கிறப்போ தேடி எடுக்கிற ஜாதி நான். கூகிள்ல தேடித் தேடிக் கெட்டுப்போன கை. எனக்கு அங்கதான் இன்னும் கை ஓடுது. தமிழ்ல எழுதின மடல் போகுது, வருது, எழுத்து உடையல. 2003-ல தமிழ் எழுத்துருவை இறக்கச் சொல்லி, அதை எப்படிப் போடுறதுன்னு தனியா இங்கிலீஷ்ல ஒரு மடல் அனுப்பின நமக்கு, இதைப் பாராட்டத் தோணும். இப்ப இருக்கிற பசங்களுக்கு இதுல என்ன இருக்குன்னு புரியாது.

இடம்? நான் திறந்தப்போ இலவசக் கணக்குக்கு 5 ஜிபி. கூகிள்ல 15 ஜிபி. இதை வெச்சு "மூணுல ஒரு பங்குதான் குடுக்கிறான்"னு ஒருத்தர் ஏளனம் பண்ணினார். கணக்கு அப்படி இல்லீங்க. கூகிள் 15 ஜிபில மடலும், டிரைவும், போட்டோவும் ஒண்ணா அடங்கணும். 2021 ஜூன் 1-ல இருந்து போட்டோவுக்குத் தனிச் சலுகை போயிடுச்சு. 2024-ல இருந்து ஆண்ட்ராய்டு போன்ல வாட்சப் பேக்கப்பும் அதுக்குள்ளயேதான் விழுது. அதாவது, ஊர்ல உங்க அப்பாவுக்கு வர்ற 'காலை வணக்கம்' வீடியோ எல்லாம் அவரோட மின்னஞ்சல் இடத்தைத் தின்னுக்கிட்டு இருக்கு. பொட்டி நிரம்பினா புது மடல் உள்ள வராது, அனுப்பினவனுக்கே திரும்பிப் போயிடும். இதைப் பெரியவங்க கிட்ட யாரும் சொல்றதில்ல. இந்த வாட்சப் விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் வருவோம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜிமெயில் வந்தப்போ நாமெல்லாம் ஹாட்மெயில்ல 2 எம்பி, யாஹூல 4 எம்பின்னு வெச்சுக்கிட்டு, ஒரு கல்யாண போட்டோ வந்தா பழைய மடல் பத்தை அழிச்சுக்கிட்டு இருந்தோம். 1 ஜிபி குடுக்கிறேன்னதும் முட்டாள்கள் தினத்துக்கு ஏமாத்துறான்னு பாதிப் பேர் நம்பல. அழைப்பு இருந்தாத்தான் உள்ள போக முடியும். ஒரு அழைப்புக்கு எத்தனை பேர் கிட்ட கெஞ்சினோம்! அந்த சந்தோஷத்துல, மடல்ல இருக்கிற வார்த்தையை இயந்திரம் படிச்சு அதுக்கு ஏத்த விளம்பரம் காட்டும்ங்கிறதை நாம பெரிசா எடுத்துக்கல. அமெரிக்காவுல அப்பவே அதுக்கு எதிர்ப்பு கெளம்புச்சு. நமக்கு 1 ஜிபிதான் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. அப்படி மடலைப் படிச்சு விளம்பரத்தைத் தீர்மானிக்கிறதை நிறுத்தப் போறோம்னு கூகிள் அறிவிச்சது 2017-ல. பதிமூணு வருஷம்.

இதுக்குத்தான் வந்தேன். சோஹோவுக்கு மாற ஒரே நல்ல காரணம் இதுதான்: அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் தொழில் இல்ல. கம்பெனிகள் மாசாமாசம், வருஷாவருஷம் கட்டுற சந்தாதான் வருமானம். வெளி முதலீட்டாளர் கிடையாது, பங்குச் சந்தைக்கும் வரல. அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை யாருக்கோ லாபக் கணக்கு காட்டணும்னு நம்ம பொட்டிக்குள்ள கை விட வேண்டிய நெருக்கடி இப்போதைக்கு இல்ல. நமக்கு இலவசமாக் குடுக்கிறது தர்மத்துக்கா? இல்ல. வீட்டுல பழகினவன் நாளைக்குக் கடை வெச்சா, ஆபீஸ் ஆரம்பிச்சா, இவங்க கிட்டயே வருவான்ங்கிற கணக்கு. மளிகைக் கடை அண்ணாச்சி குடுக்கிற கடலை மிட்டாய் மாதிரி. அந்தக் கணக்கு எனக்குப் புரியுது, புரியுற கணக்குல எனக்கு பயம் கம்மி.

இந்தக் காரணத்துக்கு ஊர் தேவையில்ல. இதே முறையில வேற நாட்டுக் கம்பெனி நடத்தினாலும் இதே மதிப்புதான். நாளைக்கு சோஹோ விளம்பரம் போட ஆரம்பிச்சா, மத்தளம்பாறையில ஆபீஸ் இருக்குங்கிறதுக்காக நான் பொறுத்துக்கப் போறதில்ல.

"நம்ம தகவல் நம்ம நாட்டுலயே இருக்கும்"ங்கிறது அடுத்த வாதம். இருக்கும், சரி. மும்பையிலும் சென்னையிலும் அவங்களுக்குத் தரவு மையம் இருக்கு. வெளிநாட்டுச் சட்டம் நம்ம மடலைத் தொடுறது குறையும். அதே சமயம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 69-ன்னு ஒண்ணு இருக்கு. சட்டத்துல சொன்ன காரணங்களுக்காக அரசாங்கம் முறைப்படி உத்தரவு போட்டா, இங்க இருக்கிற எந்தக் கம்பெனியும் குடுத்துத்தான் ஆகணும். இன்னொண்ணு, நான் சோஹோல இருந்து எழுதினாலும் என் தம்பி ஜிமெயில்ல வாங்கினா அந்த மடலோட ஒரு நகல் கூகிள் கிட்டயும் இருக்கு. சாதாரண மின்னஞ்சல் யார் கிட்ட இருந்தாலும் பூட்டுன கடிதம் இல்ல. நாட்டை மாத்தினா பூட்டு வந்திடாது.

இனிமேதான் நம்ம மாதிரி வெளியூர்ல இருக்கிறவங்களுக்கான விஷயம்.

விண்ணப்பப் படிவத்துல 'நிரந்தர முகவரி'ன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல நாம இன்னமும் அப்பா வீட்டுக் கதவு எண்ணைத்தான் எழுதுறோம். 'தற்போதைய முகவரி' எனக்கு ஏழு தடவை மாறியாச்சு: பெருங்குடி, மாதாப்பூர், நொய்டா, புனேலயே நாலு வீடு. இத்தனை மாத்தத்துலயும் மாறாம இருந்தது ஒண்ணே ஒண்ணு, மின்னஞ்சல் முகவரி. வருமான வரி இணையதளம், டிமேட் கணக்கு, வீட்டுக் கடன், காப்பீடு, ரயில் டிக்கெட், பிள்ளைங்க ஸ்கூல் எல்லாம் அந்த ஒத்தை ஆணியிலதான் தொங்குது. ஊர்லயே பொறந்து ஊர்லயே இருக்கிறவனுக்கு பேங்க் மேனேஜர் முகம் தெரியும், நேர்ல போய்ப் பேசிக்குவான். நமக்குக் கணக்கு ஆரம்பிச்ச கிளை ஒரு மாநிலத்துல, நாம ஒரு மாநிலத்துல.

"எல்லா மடலையும் ஒரே சொடுக்குல இறக்கிக்கலாமே"ன்னு மச்சான் சொல்றார். இறக்கிக்கலாம், அந்த வசதி நல்லாவே இருக்கு. ஆனா பழைய மடலை இங்க கொண்டு வர்றது வேற, முகவரியை மாத்துறது வேற. மூட்டை முடிச்சு வந்து சேந்திடும். தபால்காரனுக்குப் புது வீடு தெரியாது. ஒவ்வொரு பேங்க்லயும், ஒவ்வொரு அலுவலகத்துலயும் நாமதான் போய்ச் சொல்லணும். அந்த ஒவ்வொரு இடத்துலயும் பழைய போன் நம்பர் ஒண்ணு கேக்கும்.

இங்கதான் நெறைய பேர் மாட்டுவாங்க. ரோமிங் காசுக்கு பயந்து மாநிலம் மாறும்போதெல்லாம் புது சிம் வாங்கின தலைமுறை நாம. நாடு முழுக்க அதே நம்பரை எடுத்துக்கிட்டுப் போகலாம்னு வந்ததே 2015 ஜூலையிலதான். என் கூட வேலை பாக்கிற ஒருத்தருக்கு, மின்னஞ்சல் கணக்கோட மீட்பு எண்ணா பழைய ஹைதராபாத் நம்பர் இருந்திருக்கு. அந்த நம்பரை அவர் விட்டு வருஷம் பல ஆச்சு. விட்ட நம்பரை 90 நாள் கழிச்சு வேற ஆளுக்குக் குடுக்கலாம்ங்கிறது இங்க விதி. அவர் கடவுச்சொல்லை மாத்தப் போனப்போ, ஓடிபி யாரோ ஒரு முகம் தெரியாத மனுஷனுக்குப் போயிருக்கு. அந்த மனுஷன் நல்லவனா இருந்ததால பொழச்சார். அதனால, மாறுறீங்களோ இல்லியோ, இன்னிக்கே பழைய கணக்குல போய் மீட்பு எண் எதுன்னு பாருங்க. சோஹோ அலையால நடந்த ஒரு நல்லது, அதை நெறைய வீட்டுல இப்பத்தான் தொறந்து பாக்கிறாங்க.

மின்னஞ்சல் கம்பெனி சாகாதுன்னும் நெனைக்காதீங்க. இந்தியாடைம்ஸ் மெயில்னு ஒண்ணு இருந்துச்சு, நம்மாளுங்க எத்தனை பேர் பயோடேட்டாவுல அந்த முகவரி இருந்துச்சு! 2013-ல மூடிட்டாங்க. சொந்தமா ஒரு டொமைன் வாங்கி, குடும்பப் பேர்லயே முகவரி வெச்சுக்கிட்டா எந்தக் கம்பெனி போனாலும் கவலையில்லன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்வாங்க. சரிதான். ஆனா வருஷாவருஷம் பணம் கட்டணும். ஒரு வருஷம் மறந்தா அந்தப் பேரை வேற எவனாவது வாங்கிக்குவான், உங்க மடலும் அவனுக்குப் போகும். எனக்கப்புறம் யார் கட்டுவாங்கன்னு யோசிச்சுட்டு நான் அந்தப் பக்கம் போகல.

இப்ப அப்பா விஷயம். எங்க சித்தி மகன் உற்சாகத்துல போன தடவை ஊருக்குப் போனவன், எங்கப்பாவோட கணக்கையும் சோஹோவுக்கு மாத்திடுறேன்னு நின்னான். அப்பா ஈபியில இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு மாசத்துக்கு நாலு மடல் வந்தா அதிகம்: வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, பேரன் அனுப்புற படம். நான் போன்லயே வேண்டாம்னு சொன்னேன். காரணம், சோஹோவோட விதிமுறை. காசு கட்டாத கணக்கு தொடர்ந்து 120 நாள் பயன்படுத்தப்படாம கிடந்தா, முன்கூட்டியே அறிவிச்சுட்டு அதை நீக்குற உரிமை அவங்களுக்கு உண்டுன்னு நான் படிச்ச விதிமுறையில இருந்துச்சு. சேருமுன்ன நீங்களும் ஒரு தடவை படிச்சிருங்க. கூகிள்லயும் இந்த மாதிரி உண்டு, 2023 டிசம்பர்ல இருந்து அழிக்க ஆரம்பிச்சாங்க, ஆனா அங்க ரெண்டு வருஷம். கூடவே ஆண்ட்ராய்டு போன் கையில இருக்கிற வரைக்கும் அவர் அந்தக் கணக்கைத்தான் பொழங்குறார், அவருக்கே தெரியாம. புதுக் கணக்குல அவர் ஒரு தடவை போனை மாத்தி, செயலியை மறுபடி போட மறந்தா, நாலு மாசம் ஓடிடும். நீக்கப் போறோம்ங்கிற அறிவிப்பு அந்தப் பொட்டிக்கே வந்தா அதை யார் பாப்பாங்க?

அப்பாவோட காரணம் இன்னும் சுருக்கம். "ஏலே, வீட்டை மாத்தினா பால்காரன் கிட்ட சொல்லலாம். பேங்க்காரன் எத்தனை பேர் கிட்ட போய்ச் சொல்ல?"

எங்க வீட்டுல இப்ப நடைமுறை இதுதான். பிள்ளைங்க ஸ்கூல், சொசைட்டி பராமரிப்பு பில், தமிழ்ச் சங்க அறிவிப்பு, சொந்தக்காரங்களுக்கு எழுதுறது எல்லாம் சோஹோவுக்கு வந்தாச்சு. ஒரு குறையும் இல்ல. பேங்க், டிமேட், வருமான வரி பழைய இடத்துலயே இருக்கு. மாசத்துக்கு ஒண்ணா மாத்துறேன். பழைய கணக்கைக் குறைஞ்சது பதிமூணு மாசம் உயிரோட வெச்சிருப்பேன். காப்பீட்டுத் தவணை, ஊர்ல வீட்டு வரி, டேர்ம் பாலிசி இதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் கதவைத் தட்டும், அதுல ஒண்ணு தவறினா மறு வருஷம்தான் தெரியும். தங்கமணி மாறல. அவ இஷ்டம்.

அப்பா கணக்கு ஜிமெயில்லயேதான். பொங்கலுக்குப் போனப்போ திறந்து பாத்தா 15 ஜிபில 14.8 நிரம்பியிருந்துச்சு. வாட்சப் பேக்கப்புல வீடியோவை நிறுத்தி, பழைய வீடியோ பேக்கப்பை எடுத்துவிட்டு, மீட்பு எண்ணா என் நம்பரையும் சேத்துட்டு வந்தேன். இப்ப 4 ஜிபிக்குக் கீழ நிக்குது. காலை வணக்கம் மட்டும் தவறாம வந்துக்கிட்டுதான் இருக்கு.